பெர்சிக்கு நான் போட்ட பதினோரு டிக்

1

பதினான்கு வருடமாக வயதானவர்களுக்கு மாத்திரை கொடுத்துப் பிழைக்கிறேன். போன மாதம் மூன்றரைக் கிலோ பூனை ஒன்றிடம் தோற்றுப்போனேன். தோற்றதுகூடப் பரவாயில்லை; ஜெயித்ததாக எழுதிவைத்தேன். அந்த வெட்கக்கேட்டைத்தான் ஊரில் இருக்கும் உங்களுக்குச் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன். பூனைக்கெல்லாம் மாத்திரையா என்று சிரிக்கிறவர்கள் முதலில் சிரித்து முடித்துவிடுங்கள். நானும் அப்படித்தான் சிரித்தேன்.

நான் சாந்தன்பாறைக்காரி; கேரளத்து மலையில், தமிழ் எல்லையோரம் இருக்கும் ஊர். அப்பா அங்கே ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசராக இருந்தவர். நர்சிங் படித்து, அயர்லாந்தில் ஒரு சின்ன ஊர் முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்து, கணவர், மகள் என்று இங்கேயே நிலைத்தாயிற்று. இங்குள்ள மலையாளிச் சங்கத்தில் என்னைத் தமிழ்க்காரி என்பார்கள். தமிழ்ச் சங்கத்தில் கேரளாக்காரி என்பார்கள். விழா முடிந்து பாத்திரம் கழுவ மட்டும் இரண்டு சங்கமும் மறக்காமல் கூப்பிடும்.

பக்கத்து வீட்டு மோராவுக்கு எழுபத்தாறு வயது. கணவர் இறந்தபிறகு அவரும் பெர்சி என்ற சாம்பல் நிறப் பூனையும்தான். கனடாவில் இருக்கும் மகனுக்குக் குழந்தை பிறந்து ஞானஸ்நானம் வைத்திருந்தார்கள். பன்னிரண்டு நாள் பயணம். பெர்சிக்குப் பதிமூன்று வயது, தைராய்டு நோய். காலையில் அரை மாத்திரை, மாலையில் அரை மாத்திரை. தவறினால் இதயம் தாறுமாறாக அடிக்கும், உடம்பு உருகிப்போகும் என்றார்.

"விடுதியில் விட்டால் பயந்து சாப்பிடமாட்டான். வேறு யாரையும் எனக்கு நம்பிக்கையில்லை. நீ நர்ஸ்" என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சாவியை என் கையில் வைத்தார்.

"கொழப்பமில்ல" என்றேன். பதற்றத்திலும் பெருமையிலும் என் வாயில் முதலில் வருவது எங்கள் மலைப்பேச்சுதான். மோராவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் என் முகத்தைப் பார்த்துத் திருப்தியாகச் சிரித்தார்.

குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்தால் ஒரு தாளை ஒட்டிவைத்திருந்தார். பன்னிரண்டு வரிசை, வரிசைக்கு இரண்டு கட்டம். முதல் நாள் காலைக் கட்டத்தில் தானே டிக் போட்டுக் காட்டினார். தினமும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பினால் நிம்மதியாகத் தூங்குவேன் என்றார்.

அந்தத் தாளைப் பார்த்ததும் எனக்கு ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தவில்லை. அழகாகக் கோடு போட்டிருக்கிறாரே என்றுதான் நினைத்தேன்.

2

முறை எனக்குத் தெரியும். பின்னால் உட்கார்ந்து, இடது கையால் தலையைப் பிடித்து, தாடை மூட்டில் விரலை அழுத்தினால் வாய் திறக்கும். நாக்கின் பின்கோடியில் மாத்திரையை வைத்து, வாயை மூடி, தொண்டையைத் தடவ வேண்டும். மூக்கை நக்கினால் விழுங்கிவிட்டது என்று அர்த்தம். இதையெல்லாம் கைப்பேசியில் மூன்று வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

முதல் மூன்று வேளையும் பெர்சி மூக்கை நக்கினான். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் மகள் அனீட்டாவிடம், "பாத்தியாடி, அம்மா கை" என்றேன். அவளுக்குப் பதிமூன்று வயது. நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். பூனையிடம்கூட ஆங்கிலம்தான். நான் பூனையிடம் தமிழில் பேசுவதைக் கேட்டு, "அவனுக்குப் புரியாது அம்மா" என்றாள். "உனக்கு மட்டும் புரியுதாக்கும்" என்றேன்.

மூன்றாம் நாள் காலையிலும் மூக்கை நக்கினான். அன்று மாலை என் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை ஒரு கீறல் போட்டான். மாத்திரை நுரையோடு வெளியே வந்தது. துண்டில் சுற்றினேன், துண்டு மட்டும் கையில் மிஞ்சியது. வெண்ணெயில் உருட்டி வைத்தேன். வெண்ணெயை நக்கிவிட்டு மாத்திரையைத் தரையில் சுத்தமாக வைத்துவிட்டுப் போனான். "நல்ல புள்ளல்ல, ராசால்ல, ஒரே ஒரு வாய்டா" என்று கெஞ்சினேன். அவன் அலமாரியின் மேலே ஏறி, ஆபீசில் அபேக்ஷ, அதாவது மனு, வாங்குகிற கிளார்க் மாதிரி என்னை மேலிருந்து பார்த்தான்.

எனக்கு டூட்டிக்கு நேரமாகிவிட்டது. மாத்திரையை ஹாம் எனப்படும் பன்றியிறைச்சித் துண்டு ஒன்றுக்குள் பொதிந்து தட்டில் வைத்தேன். எப்படியும் தின்றுவிடுவான் என்று சொல்லிக்கொண்டேன். கட்டத்தில் டிக் போட்டேன். போட்டோ எடுத்து அனுப்பினேன். மோரா ஒரு இதயப் படம் அனுப்பினார்.

அதோடு பழகிவிட்டது. நான்காம் நாளிலிருந்து அவனைப் பிடிப்பதையே விட்டுவிட்டேன். ஹாமில் வைப்பேன், மீனில் வைப்பேன், வைத்துவிட்டுக் கதவைப் பூட்டுவேன். திரும்பி வரும்போது தட்டு காலியாக இருக்கும். தின்றுவிட்டான் என்று நம்ப அது போதுமாக இருந்தது. இரண்டு நாள் மீன் வைக்கக்கூட நேரமில்லை. டிக் மட்டும் போட்டேன். ஏழாம் நாள் காலைக் கட்டத்தையும் மாலைக் கட்டத்தையும் சேர்த்தே நிரப்பினேன், ஒரே பேனாவில், ஒரே நிற்பில்.

ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் முதியோர் இல்லத்தில் புதிதாகச் சேரும் நர்சுகளுக்கு மாத்திரை வண்டியைப் பழக்கிவிடுவது நான்தான். முதல் நாள் முதல் வாக்கியமாக நான் சொல்வது, தொண்டைக்குள் இறங்கியதைக் கண்ணால் பார்க்காமல் கையெழுத்துப் போடாதே என்பது. இதைச் சொல்லும்போது ஒரு விரலை உயர்த்தி வேறு காட்டுவேன். பக்கத்து வீட்டுச் சமையலறையில் அந்த விரல் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

3

போன வருடம் அக்டோபரில் நடந்ததை இங்கே எழுதியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் அக்டோபர் என்றால் ஜெபமாலை மாதம். மாதா சொரூபம் வீடு வீடாகப் போகும். சொரூபம் வந்த வீட்டில் சாயங்காலம் எல்லோரும் கூடி ஜெபமாலை சொல்லி, சுண்டலும் பால் விடாத கட்டன்சாயாவும் சாப்பிட்டுப் பிரிவார்கள்.

அம்மா இறந்தபிறகு அப்பா சாந்தன்பாறையில் தனியாக இருந்தார். நான் ஒற்றைப் பிள்ளை. அவரைப் பார்த்துக்கொண்டது லூர்தக்கா. அப்பா வேலை பார்த்த தோட்டத்திலேயே ஏலக்காயெடுத்து ரிட்டயர் ஆனவர். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்துபோகிறவர். காலையில் வந்து சமைத்து, அப்பாவுக்கு பிரஷர் மாத்திரையும் இதய மாத்திரையும் கொடுத்து, இருட்டுவதற்குள் தன் வீட்டுக்குப் போவார்.

நான் சும்மா இருந்தேனா? எங்கள் முதியோர் இல்லத்துத் தாளைப் போலவே ஒரு தாள் தயாரித்து அனுப்பினேன். பக்கத்து ஊரான பூப்பாறையில் பிரின்ட் எடுக்கச் சொன்னேன். தேதி, வேளை, கட்டம். தினமும் டிக் போட்டு வாட்ஸப்பில் போட்டோ அனுப்ப வேண்டும். லூர்தக்கா ஒருநாள் தவறாமல் அனுப்பினார். டிக் எல்லாம் ஒன்றுபோல, வரிசையில் நட்ட கன்று மாதிரி நேராக இருக்கும்.

அந்த அக்டோபரில் அப்பா கோயிலில் தலைசுற்றி விழுந்தார். பிரஷர் ஏகத்துக்கும் ஏறியிருந்தது. மாத்திரை ஒழுங்காகப் போகிறதே, எப்படி ஏறும் என்று எனக்குச் சந்தேகம். மறுநாள் எங்கள் வீட்டில் ஜெபமாலை. நான் வீடியோவில் வந்தேன். கூடத்தில் இருபது பேராவது இருந்தார்கள். ஜெபம் முடிந்து சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்தபோது லூர்தக்காவைக் கூப்பிட்டு, பிரஷர் மாத்திரை அட்டையைக் கேமராவில் காட்டச் சொன்னேன். எண்ணினேன். தாளில் இருபத்தாறு டிக். அட்டையில் காலிக் குழி பதினேழு.

அதன்பிறகு நான் பேசியதை மறக்க முயன்றிருக்கிறேன். முடியவில்லை.

"நீங்க படிக்கலைன்னு தெரியும்க்கா. பொய் சொல்வீங்கன்னு தெரியாமப் போச்சு" என்றேன். "எங்கப்பா இத்தனை வருஷம் செக்ரோல் புடிச்ச மனுஷன். வராத ஆளுக்கு ஒரு பொய்ப் பேர் போட்டதில்ல. அவரு வீட்டுக்குள்ள வந்து பொய் டிக் போடுறீங்களா?"

தோட்டத்துப் பழக்கம் தெரியாதவர்களுக்கு: செக்ரோல் என்பது வருகைப் பதிவேடு. வேலைக்கு வந்தவருக்குச் சூப்பர்வைசர் அதில் பேர் போடுவார். வராதவருக்கு இல்லை. பேர் போடுவதில் அப்பா சுத்தம் என்பதுதான் சின்ன வயதிலிருந்து எனக்கு இருந்த பெரிய பெருமை.

லூர்தக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பா கையிலிருந்த ஜெபமாலையை உருட்டிக்கொண்டு தரையைப் பார்த்தார். யாரோ ஒரு பெண், "போன வைய்யி ஸ்டெல்லா, அப்பறம் பேசலாம்" என்றார். லூர்தக்கா சுண்டல் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, சாவியை மாதா சொரூபத்தின் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாராம். அதன்பிறகு வரவேயில்லை.

வேறு ஒரு பெண்ணை வைத்தேன். இருபது நாள் இருந்தார். பிறகு அப்பாவை அடிமாலிப் பக்கம் கன்னியாஸ்திரி சிஸ்டர்மார் நடத்தும் ஒரு இல்லத்தில் சேர்த்தேன். நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் நான் போன் செய்தால் அப்பா கேட்பது ஒன்றுதான். "லூர்து வீட்டுப் பக்கம் வந்தாளா?" நானும் ஒரே பதிலைத்தான் சொல்கிறேன். "வருவாங்கப்பா." வரமாட்டார் என்று எனக்குத் தெரியும். வரவேண்டுமானால் நான் என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரியும். ஒரு வருடமாக அதைச் செய்யாமல் இருந்தேன்.

4

ஒன்பதாம் நாள் சனிக்கிழமை. அனீட்டாவும் என்னோடு மோரா வீட்டுக்கு வந்தாள். பெர்சி வாசலிலேயே நின்று ஊளையிட்டுக்கொண்டிருந்தான். பூனை அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. முதுகெலும்பு கைக்குத் தட்டுப்பட்டது. அனீட்டா அவனைத் தூக்கி நெஞ்சோடு அணைத்தவள், "அம்மா, இவன் இதயம் ரொம்ப வேகமாக அடிக்கிறது" என்றாள்.

நான் சமையலறைக்குப் போய்ப் பேனாவை எடுத்தேன். அதுதான் என் முதல் வேலையாக இருந்தது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன்.

கூடத்தில் சோபாவை நகர்த்துகிற சத்தம் கேட்டது. பூனையின் பந்து உருண்டு அடியில் போய்விட்டதாம். பிறகு அனீட்டா உள்ளே வந்து மேசைமேல் கையை விரித்தாள். ஏழு அரை மாத்திரைகள். சில நூலும் தூசியும் ஒட்டிச் சாயம் போயிருந்தன. மூக்கை நக்கி என்னை ஏமாற்றிய முதல் நாட்களின் மாத்திரையும் அதில் இருந்திருக்க வேண்டும்.

அவள் தாளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். விரல் விட்டு எண்ணினாள்.

"இந்த டிக் எல்லாம் நீதானே போட்டாய்?"

"ஆமா. தின்னிருப்பான்னு நெனச்சேன்."

"நினைத்தாயா, பார்த்தாயா?"

என் வேலையிடத்து வாக்கியத்தை என்னிடமே கேட்கிறாள். நான் கையைக் கழுவுகிறமாதிரி குழாயைத் திறந்தேன். அவள் விடவில்லை. கோபமாகக்கூட இல்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"அப்படியென்றால் தாத்தா வீட்டு ஆன்ட்டியை எதற்காக அழவைத்தாய்?"

போன வருடம் நான் கத்தியபோது அவள் என் பின்னால் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். நான் பேசிய தமிழ் அவளுக்குப் புரிந்திருக்காது என்று நினைத்திருந்தேன். வேண்டியது புரிந்திருக்கிறது. லூர்தக்கா அழுததுகூட அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் மாத்திரை அட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குழாயை மூடினேன். முகம் காதுவரை சூடாகியிருந்தது. பதிமூன்று வயதுப் பெண்ணின் முன்னால் எங்கே பார்ப்பது என்று தெரியாமல், அப்பாவைப் போலவே தரையைப் பார்த்தேன்.

5

மோராவிடம் அன்றே சொன்னேன். கனடாவில் விடியற்காலை என்று காத்திருக்கலாமே என்று மனம் சாக்குச் சொன்னது. அனீட்டா என் முன்னாலேயே நின்றதால் போன் செய்தேன். பதினோரு டிக் பொய் என்றேன். முதல் நான்குமே சந்தேகம் என்றேன்.

மோரா கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "கட்டத்தைக் காலியாக விட்டிருக்கலாமே, ஸ்டெல்லா. எனக்குப் புரிந்திருக்குமே. ஏன் டிக் போட்டாய்?" என்றார். பிறகு, மருத்துவரிடம் உடனே கொண்டுபோ என்று சொல்லி வைத்துவிட்டார்.

கால்நடை மருத்துவர் இளம்பெண். ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு, இன்னும் சில நாள் போயிருந்தால் சிக்கல்தான் என்றார். ஒரு ஊசி போட்டார். பிறகு சாதாரணமாக, "மாத்திரை கொடுக்க முடியவில்லை என்று பாதிப்பேர் வந்து சொல்வார்கள். சொன்னால் சொட்டு மருந்து தந்துவிடுவோம். சாப்பாட்டில் கலந்தால் போதும்" என்றார். முடியவில்லை என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

ஏன் டிக் போட்டேன் என்ற மோராவின் கேள்வி காரில் வரும்போதும் கூடவே வந்தது. முன்பொருமுறை அனீட்டாவின் குடியுரிமை விண்ணப்பத்துக்கு என் பிறந்த ஊரைக் கேட்டிருந்தார்கள். என் மூன்று சான்றிதழ்களில் சாந்தன்பாறை மூன்று விதமாக எழுதப்பட்டிருந்தது. ஊருக்குப் போனபோது வில்லேஜ் ஆபீசில் கேட்டேன். மூன்று சான்றிதழும் ஒரே ஆளுடையதுதான் என்று ஒரு சர்ட்டிபிக்கேட் எழுதி, என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். "நம்மட ஸ்டெல்லாதானே" என்றார் அங்கிருந்தவர். இங்கே அதே தாளைக் கொடுத்தபோது, கவுன்டரில் இருந்த பெண், இதில் கையெழுத்திட்டவர் எதை வைத்துச் சரிபார்த்தார் என்று கேட்டாள். எங்களூரில் கையெழுத்து என்பது பெரும்பாலும் ஒருவருக்கு ஒருவர் செய்கிற தயவு. இங்கே அது சத்தியம். நான் இந்த ஊர்ச் சத்தியத்தை லூர்தக்காவிடம் எதிர்பார்த்தேன். எங்களூர்த் தயவை எனக்கு நானே செய்துகொண்டேன். இதைவிட வசதியான புலம்பெயர்வு வேறு யாருக்கு வாய்க்கும்?

6

ஞாயிற்றுக்கிழமை காலை லூர்தக்காவுக்குப் போன் செய்தேன். எண் மாறவில்லை. முதல் மணியிலேயே எடுத்தார். எடுத்ததும், "ஐயாவுக்கு என்ன?" என்றார்.

"அப்பாவுக்கு ஒண்ணுமில்லக்கா. நல்லா இருக்காரு. நான்தான்."

"ஓ" என்றார். அந்தப் பக்கம் கோழி கத்துகிற சத்தம் கேட்டது.

பூனைக் கதையைச் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. ஹாம், மீன், பதினோரு டிக், சோபாவுக்கு அடியில் ஏழு மாத்திரை. சோபாவுக்கு வந்தபோது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டது எனக்குக் கேட்டது.

"ஐயா சன்னலுக்கு வெளிய துப்புவாரு" என்றார். "கன்னத்துல ஒதுக்கி வச்சுக்கிட்டு நான் அந்தப் பக்கம் திரும்பினதும் துப்பிருவாரு. ரோசாச் செடிக்கு அடியில கெடக்கும்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லக்கா."

"சொல்லத்தான் போனேன். வேணாம்னாரு. அந்த மாத்திர தின்னா தல கிர்ருங்குது, புள்ளகிட்டச் சொன்னா ஆசுபத்திரி ஆசுபத்திரியா இழுப்பா, இனிமே அட்டையில இருந்து எடுக்கவே வேணாம், சும்மா பேர் போட்டுடு லூர்துன்னாரு. நான் மாட்டேன்னேன். அப்பத்தான் சொன்னாரு, நான் உனக்குப் போட்டேன்லன்னு."

எனக்கு விளங்கவில்லை. "என்னத்தப் போட்டாரு?"

லூர்தக்கா சொன்னார். அவருடைய மூத்த மகன் கைக்குழந்தையாக இருந்தபோது வலிப்பு வந்து, தேனி ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்திருக்கிறார்கள். அப்போதெல்லாம் சொல்லாமல் அத்தனை நாள் வராவிட்டால் பேர் வெட்டிவிடுவார்களாம். பேர் வெட்டினால் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும். லூர்தக்கா குழந்தையோடு திரும்பி வந்தபோது பேர் வெட்டியிருக்கவில்லை. ஒன்பது நாளும் செக்ரோலில் அவர் காயெடுத்துக்கொண்டிருந்தார். அப்பா போட்ட பேர்.

"மேனேஜருக்குத் தெரிஞ்சா ஐயாவுக்கு வேலையே போயிருக்கும் தாயி. ஒரு பயலுக்கும் சொல்லல. ஒங்கம்மாவுக்குக்கூடத் தெரியாது."

வராத ஆளுக்கு ஒரு பொய்ப் பேர் போட்டதில்ல. இருபது பேர் முன்னால் நான் முழங்கியது அது. ஒரே ஒரு வாக்கியத்தில் என் வாயை அடைத்திருக்கலாம் லூர்தக்கா.

"அன்னைக்கே என் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாமேக்கா."

"ஐயாவப் பக்கத்துல ஒக்கார வச்சுக்கிட்டா? நீ அத்தன பெருமையாப் பேசிட்டு இருக்க."

நான் அழுதேன். மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் உடனே சரி என்று சொல்லிவிடவில்லை.

"நான் செஞ்சதும் தப்புதான். ஐயா விழுந்தாருல்ல. அத நான் கோயில்ல சாமியார்கிட்டச் சொல்லி முடிச்சிட்டேன். ஆனா அன்னைக்கு இருந்து நான் ஜெபமாலைக்குப் போறதில்ல ஸ்டெல்லா. அடிமாலிக்குப் போயி ஐயாவப் பாக்கவும் வெக்கமா இருக்கு. பொய்க்காரின்னு கூடத்துல வச்சு சொல்லிட்ட. இப்பப் போன்ல காதோட காதா மன்னிப்புக் கேக்குற. அது எனக்கு மட்டுந்தான கேக்கும்?"

"என்னக்கா செய்யணும்?"

"யார் யார் முன்னாடி சொன்னியோ அவங்க முன்னாடி சொல்லு."

வைப்பதற்கு முன்னால் ஒன்று கேட்டார். "அந்தப் பூன இப்பத் திங்குதா?"

"சொட்டு மருந்து குடுத்திருக்காங்க. மீன்ல விட்டா நக்குறான்."

"நின்னு பாத்தியா?"

"பாத்தேங்க்கா."

"அப்ப டிக் போட்டுக்க."

7

அப்பாவிடம் கேட்டேன், செக்ரோல் சங்கதியை ஆட்கள் முன்னால் சொல்லலாமா, பிறகு எழுதலாமா என்று. மகள் இத்தனை வருடம் தன்னை எப்படி நினைத்திருந்தாள் என்பது அவருக்குத் தெரியும். "அந்தத் தோட்டமே கைமாறிப்போச்சு" என்றார். "சொல்லிக்க. அன்னைக்கு நானே சொல்லியிருக்கணும். அவ முகத்தப் பாக்க முடியாமத்தான் கீழ பாத்துக்கிட்டு இருந்தேன்."

நானும் அப்பாவும் ஒரே தரையைத்தான் பார்த்திருக்கிறோம்.

இதுவும் அக்டோபர்தான்; அந்த வாரம் வியாழக்கிழமை சொரூபம் ஊரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி வந்திருந்தது. அந்த வீட்டுப் பெண்ணிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தேன். அங்கே சாயங்காலம் ஏழு மணி என்றால் எனக்கு இரண்டரை. டூட்டியை மாற்றிக்கொண்டு வீட்டில் இருந்தேன். அனீட்டாவுக்குப் பள்ளியில் அரைநாள். போன வருடம் உட்கார்ந்த அதே படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். போகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஜெபம் முடிந்தது. போனை யாரோ சொரூபத்தின் பக்கத்தில் ஒரு சொம்பில் சாய்த்து வைத்தார்கள். கூடம் நிறைய ஆட்கள். போன வருடம் இருந்த முகங்கள் பெரும்பாலும் இருந்தன. கதவோரம், பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக, முக்காடு போட்டு லூர்தக்கா நின்றார். வந்திருந்தார்.

எழுதிவைத்துப் படிக்கலாமா என்று நினைத்திருந்தேன். பூனையின் தாளைப் போலாகிவிடும் என்று எழுதவில்லை. சொன்னேன். "போன வருசம் லூர்தக்காவ உங்க எல்லார் முன்னாடியும் பொய்க்காரின்னு சொன்னேன். இந்த வருசம் பக்கத்து வீட்டுப் பூனைக்கு மாத்திரை குடுக்க முடியாம பதினோரு தடவ பொய் டிக் போட்டேன். நான் படிச்சவ. அதுதான் என் வேலையே. எங்கப்பா பொய்ப் பேர் போட்டதில்லன்னும் சொன்னேன். போட்டிருக்காரு. லூர்தக்கா புள்ள பொழைக்கிறதுக்காக ஒம்பது நாள் போட்டிருக்காரு. அதத் தெரிஞ்சும் லூர்தக்கா அன்னைக்கு எங்கப்பா மானத்தக் காப்பாத்திட்டு, தன் மானத்த விட்டுட்டுப் போனாங்க. நான் பேசினது தப்பு. என்னைய மன்னிக்கணும்."

கண்ணை மூடிக்கொண்டுதான் சொன்னேன். திறந்தபோது கூடம் அப்படியே உறைந்து நின்றது. ஒரு அம்மா சுண்டலை வாய்க்குக் கொண்டுபோன கையோடு இருந்தார். ஒருவரும் அசையவில்லை. என் பேச்சு அவர்களை அவ்வளவு தாக்கிவிட்டது என்று ஒரு நொடி நினைத்தேன். அந்த ஒரு நொடியில்கூட என் பெருமை போகவில்லை, பாருங்கள். பிறகுதான் திரையில் சுற்றிக்கொண்டிருந்த வளையம் கண்ணில் பட்டது. நெட்வொர்க் போயிருந்தது.

படம் துள்ளி, திரும்ப வந்தது. சுண்டல் வாய்க்குள் போயிற்று. "போன வருசம்னு என்னமோ சொன்ன, அதோட கட்டாயிருச்சு" என்றார் வீட்டுக்காரப் பெண். "சரி விடு தாயி, அப்பறம் பேசு" என்று இன்னொருவர் போனை எடுக்கக் கை நீட்டினார்.

தப்பித்தோம் என்று நினைத்தேனா? நினைத்தேன். சொல்லியாயிற்று, கேட்காதது என் குற்றமா என்று மனம் அதற்குள் ஒரு டிக் போடப் பார்த்தது. படிக்கட்டில் அனீட்டா எழுந்து நின்றுவிட்டாள்.

அப்போது கதவோரத்திலிருந்து லூர்தக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். நீட்டிய கையைத் தள்ளிவிட்டுப் போனைத் தன் கையில் எடுத்தார். சன்னல் பக்கம் கொண்டுபோய், சிக்னல் கிடைக்கிற உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தார். கூடம் முழுவதும் தெரிந்தது. அவர் முகம் மட்டும் தெரியவில்லை.

"இப்பக் கேக்கும்" என்றார். "மொதல்ல இருந்து சொல்லு. சத்தமா."